எல்லோர் ரெகார்டிலும் ஒரே 0.62

3 ஆகஸ்ட் 2024, கேள்வி (மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்)

அண்ணன்மாருக்கு ஒரு கேள்வி. போன செமஸ்டரில் ஸ்ட்ரெங்த் (பொருள்களின் வலிமை), ஃப்ளூயிட் (நீரோட்டம்) லேப் முடித்தேன். வாரம் நான்கு பீரியட். ஒரு செட்டப்புக்கு எட்டுப் பேர். இரண்டு பேர் செய்வார்கள், மற்றவர்கள் சுற்றி நிற்போம். ரீடிங் என்ன வந்தாலும் ரெகார்டில் ஏறுவது சீனியர் எழுதியதுதான். வைவாவில் வருஷா வருஷம் அதே கேள்விகள். எனக்கு ‘ஓ’ கிரேடு வந்தது. வால்வை நான் ஒரு தடவைகூடத் தொடவில்லை. இந்த லேபையெல்லாம் எடுத்துவிட்டு அந்த நேரத்தில் பைத்தான் சொல்லிக் கொடுத்தால் வேலைக்காவது உதவும் என்பது என் கருத்து. படித்து முடித்து வேலை பார்ப்பவர்கள் மனசாட்சியோடு சொல்லுங்கள், லேப் உங்களுக்கு எதற்காவது உதவியதா?

4 ஆகஸ்ட், காலை

தம்பி, வால்வைத் தொடாமலே ‘ஓ’ கிரேடு என்று படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான்கு வருஷம் இதே லேபில் வாத்தியாராக இருந்தவன் நான். அப்படி எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டேனோ.

2007இல் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். எம்.இ. முடித்து, 2013 முதல் 2017 வரை வேறொரு கல்லூரியில் ஃப்ளூயிட் லேப் பார்த்தேன். இப்போது ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அதாவது லேபில் நின்றவன், லேப் நடத்தியவன், இப்போது தினமும் ரீடிங் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். எனக்கு லேப் உதவியது. ஆனால் ரெகார்டில் இருந்த எதுவும் உதவவில்லை.

எட்டுப் பேர் குழு எப்படிப் பிரியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவன் வால்வு, ஒருவன் ஸ்டாப்வாட்ச், ஒருவர் எழுதுகிறவர். மீதி ஐந்து பேர் மின்விசிறிக்குக் கீழே. இந்த வேலைப் பிரிவினை முதல் வாரம் எப்படி அமைந்ததோ அப்படியே செமஸ்டர் முடியும்வரை இருக்கும். குழுவில் பெண்கள் இருந்தால் எழுதுகிற வேலை அவர்களிடம் போய்விடும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். நானும் அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றியதே வேலையை விட்ட பிறகுதான்.

உங்கள் குறையில் பாதி நியாயம். அந்த நேரத்தைப் பைத்தானுக்குக் கொடுக்கலாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சாவகாசமாக எழுதுகிறேன்.

4 ஆகஸ்ட், இரவு

மெக்கானிக்கல் படிக்காத ஒருவர், 0.62 என்று எல்லோரும் பேசிக்கொள்கிறீர்களே, அது என்ன என்று கேட்டிருக்கிறார்.

குழாய்க்குக் குறுக்கே நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகட்டை வைப்பதுதான் ஆரிஃபிஸ் மீட்டர். ஓட்டையைத் தாண்டிய தண்ணீர் உடனே விரியாது. இன்னும் கொஞ்சம் சுருங்கி, அப்புறம்தான் விரியும். அதனால் ஓட்டையின் முழுப் பரப்பையும் வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் அளவில் ஏறக்குறைய 62 சதவீதம்தான் உண்மையில் ஓடும். அந்த விகிதத்தைத்தான் லேபில் சிடி வேல்யூ என்கிறோம். வெஞ்சுரி மீட்டரில் வழி சீராக ஒடுங்கி விரிவதால் 0.98 அளவுக்கு வரும்.

இந்த இரண்டு எண்ணும் முதல் நாளே மாணவருக்குத் தெரியும். அங்கேதான் கெடுகிறது. விடை தெரிந்துவிட்டதால் எல்லோரும் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். 0.62 என்று வைத்துக்கொண்டு டிஸ்சார்ஜ் (விநாடிக்கு ஓடும் தண்ணீர்), அதிலிருந்து தொட்டியில் தண்ணீர் ஏற எத்தனை விநாடி என்று மேலே ஏறுவது. நடுவில் ஒன்றை 0.61, ஒன்றை 0.63 என்று மாற்றினால் பார்க்க இயல்பாக இருக்கும். ஹாஸ்டலில் எனக்கு ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தார். நான் என் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான்கு வருஷத்தில் நாங்கள் யாரும் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட ஒரே செய்முறை இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

6 ஆகஸ்ட்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2015. நான் பார்த்த லேபில் ஆரிஃபிஸ் செட்டப். 25 மி.மீ. குழாய், 15 மி.மீ. ஓட்டை, 50-க்கு 50 செ.மீ. தொட்டி. மேனோமீட்டரில் (தகட்டுக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பாதரச உயரமாகக் காட்டும் குழாய்) 20 செ.மீ. பாதரச வித்தியாசம் வைத்தால் தொட்டியில் தண்ணீர் 10 செ.மீ. ஏற 30 விநாடி ஆக வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

குழுவில் எழுதுகிற வேலையில் இருந்த ஒரு பெண் அப்சர்வேஷன் நோட்டைக் கொண்டுவந்தார். 20 செ.மீ.க்கு 35 விநாடி. 10 செ.மீ.க்கு 53. 5 செ.மீ.க்கு 83. சிடி முறையே 0.54, 0.50, 0.45. நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு ‘ரிப்பீட்’ என்று எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் திரும்ப வந்தார், கிட்டத்தட்ட அதே எண்கள். “சரியாகப் பாரும்மா, எங்கேயோ தப்பு” என்றேன். மூன்றாவது தடவை வந்தபோது 0.62, 0.61, 0.62 இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பக்கத்தின் அடியில் பென்சிலில் சின்னதாக ஒரு வரி இருந்தது. ‘ஃப்ளோ குறையக் குறைய சிடியும் குறைகிறது, ஏன்?’ அதைப் பார்த்தேன். அப்புறம் பேசலாம் என்று சொல்லி அடுத்த நோட்டை எடுத்தேன். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள்.

பத்து நாள் கழித்து லேப் அசிஸ்டென்ட் அந்தத் தொட்டியின் டிரெயின் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாஷர் தேய்ந்து ஒரு பக்கம் காகிதம் மாதிரி இருந்தது. “இது ரொம்ப நாளாவே ஒழுகுது சார்” என்றார். வால்விலிருந்து தண்ணீர் நேராகக் கீழே சம்ப்புக்குப் போகிறது. பம்ப் சத்தத்தில் கேட்காது, கண்ணுக்கும் தெரியாது. பழைய வாஷரையே திரும்பப் போடச் சொல்லி, தொட்டியை நிரப்பி, வரத்தை நிறுத்திவிட்டு லெவல் டியூபைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் இரண்டரை செ.மீ.க்கு மேல் இறங்கியது. நிமிடத்துக்கு ஆறரை லிட்டர் போல எங்கள் கண்முன்னே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது அந்த மூன்று எண்ணையும் மறுபடி பாருங்கள். ஒழுகுவது எப்போதும் ஒரே அளவு. ஃப்ளோ அதிகமாக இருக்கும்போது அது சின்னப் பங்கு, ஃப்ளோ குறையும்போது பெரிய பங்கு. அதனால்தான் 0.54, 0.50, 0.45 என்று படியிறங்கியது. அந்தப் பெண்ணின் பென்சில் கேள்விக்கு விடை வாஷரில் இருந்தது. வகுப்புக்கே போய்ச் சொன்னேன். “அப்போ நான் முதலில் எழுதினதுதான் சரியா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குள் ரெகார்டில் 0.62 மையில் ஏறிவிட்டது.

லேப் வீண் என்று உங்களைப் போன்றவர்கள் சொல்லும்போது எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வரும். அன்று அந்த லேபில் ஒரே ஒருவர்தான் உண்மையில் சோதனை செய்தார். அவரிடம் செய்ய வேண்டாம் என்று சொன்னவன் நான்.

7 ஆகஸ்ட்

திருத்தம். ஒழுகுவது எப்போதும் ஒரே அளவு என்று நேற்று எழுதியது சரியில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். தொட்டியில் தண்ணீர் உயர உயர வால்வில் அழுத்தம் கூடும், ஒழுகலும் கூடும். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ரீடிங்கையும் அதே கோட்டில் தொடங்கி அதே கோட்டில் முடிக்கும்போது சராசரி ஒழுகல் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், அதனால் விளக்கம் நிற்கிறது. ஒரு குழு பாதித் தொட்டியிலும் இன்னொரு குழு காலித் தொட்டியிலும் தொடங்கினால் இரண்டு பேருக்கும் வேறு வேறு சிடி வரும். அதையும் நாங்கள் ‘ரீடிங் தப்பு’ என்றுதான் சொல்லியிருப்போம்.

9 ஆகஸ்ட்

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பேறித்தனம், நாங்கள் எல்லாவற்றையும் செய்தோம்” என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, மன்னிக்க வேண்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாணவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று டைம்டேபிளே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது.

தியரி வகுப்பு வாரம் ஒரு மணி என்றால் ஒரு கிரெடிட். லேப் இரண்டு மணி நேரம் நின்றால்தான் ஒரு கிரெடிட். நான்கு பீரியட் லேபுக்கு இரண்டு கிரெடிட். அதற்கு மேல் ரெகார்டு எழுத வீட்டில் போகும் நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் லேபுக்கு இன்டர்னல் 20, எக்ஸ்டர்னல் 80. 2021 ரெகுலேஷனில் இன்டர்னல் 60, எக்ஸ்டர்னல் 40 ஆனது. செமஸ்டர் முழுக்கச் செய்யும் வேலைக்கு மதிப்புக் கொடுக்கலாம் என்பதற்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் அந்த 60-ஐ எதை வைத்துப் போடுகிறோம்? பெரும்பாலும் ரெகார்டு சுத்தமாக இருக்கிறதா, தேதிக்குள் சைன் வாங்கியாயிற்றா என்பதை வைத்துத்தான். அப்படியானால் மாணவர் எதைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்?

நான்கூட ஒரு வருஷம் மார்ஜின் கோடு பென்சிலில் இல்லை என்று ரெகார்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உள்ளே இருந்த எண்களை அன்று படித்தேனா என்று நினைவில்லை.

11 ஆகஸ்ட்

ஒரேயடியாகக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன் என்று தோன்றுகிறது. மாணவர்களுக்கு லேபே பிடிக்காது என்பதும் பொய். யூ.டி.எம். (கம்பியை இழுத்து உடைத்துப் பார்க்கும் மெஷின்) ஓடும் நாளைப் பாருங்கள்.

12 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பியைக் கவ்வியில் மாட்டி இழுப்போம். முள் சீராக ஏறிக்கொண்டே போகும். 28 கிலோநியூட்டன் அருகில் ஏறுவதை நிறுத்திவிட்டு அங்கேயே லேசாக ஆடும். ஈல்டு (கம்பி நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் நிலை) என்று பலகையில் ஆயிரம் தடவை வரைந்த வளைவு அந்த ஆட்டம்தான். அப்புறம் மறுபடி ஏறி 45, 50 போய், கறுப்பு முள் திரும்பி இறங்க ஆரம்பிக்கும். அது தள்ளிக்கொண்டு போன சிவப்பு முள் மட்டும் உச்சத்திலேயே நின்றுவிடும். அப்போது கம்பியைப் பார்த்தால் ஒரு இடத்தில் கழுத்து விழுந்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே இருந்த ஐந்து பேரும் அதற்குள் பக்கத்தில் வந்திருப்பார்கள். டமார் என்று ஒரு சத்தம். ஒரு துண்டில் கிண்ணம், இன்னொன்றில் கூம்பு. உடைந்த இடத்தை உடனே தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். அந்தச் சூட்டைத் தொட்ட எவரும் இழுத்த வேலை எங்கே போனது என்று மறக்க மாட்டார்கள்.

படித்து முடித்துப் பல வருஷம் கழித்துச் சந்திக்கும் மாணவர்களிடம் லேபில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்பது என் பழக்கம். பாதிப் பேர் கம்பி உடைந்த சத்தம் என்பார்கள். ஒருவர்கூட யங்ஸ் மாடுலஸ் (இழுத்தால் கம்பி எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற அளவு) எவ்வளவு வந்தது என்று சொன்னதில்லை.

அந்த யங்ஸ் மாடுலஸ் இன்னொரு கதை. மெஷின் தலை நகர்ந்த தூரத்தையே கம்பி நீண்ட தூரம் என்று எடுத்துக் கணக்குப் போட்டால் 200 கிகாபாஸ்கல் வர வேண்டிய இடத்தில் அதில் ஒரு சின்னப் பங்குதான் வரும். கவ்வி வழுக்குவது, மெஷின் சட்டமே நெகிழ்வது எல்லாம் அந்தத் தூரத்தில் சேர்ந்துவிடுகிறது. கம்பிமேலேயே எக்ஸ்டென்சோமீட்டரை மாட்டினால்தான் சரியான நீட்சி தெரியும். இதைவிட நல்ல பாடம் அந்த லேபில் இல்லை. எண்ணை அடித்துத் திருத்தி 200 என்று எழுதியதும் பாடம் போய்விட்டது.

14 ஆகஸ்ட்

தம்பி, உங்கள் பக்கத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மறைப்பது நியாயமில்லை. நடாஷா ஹோம்ஸும், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் 2018இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் எழுதிய கட்டுரை. அமெரிக்காவில் ஒன்பது இயற்பியல் பாடங்களை எடுத்துக்கொண்டு, லேப் எடுத்த மாணவரையும் எடுக்காதவரையும் ஒப்பிட்டார்கள். தியரியை உறுதிப்படுத்துவதற்கென்று நடத்திய லேபால் தேர்வில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது நிம்மதியாக இருந்தது. தியரியை நிரூபிக்கத்தான் லேப் என்றால் அது வீண் என்று அவர்களே அளந்து சொல்லிவிட்டார்கள். மாணவரே யோசித்து, அளந்து, சந்தேகப்பட்டு முடிவெடுக்கிற மாதிரி லேபை மாற்றுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. இயற்பியல், அதுவும் அமெரிக்கா, நம் நிலைமைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 0.62-ஐ நினைத்துக்கொண்டு படித்தால் வரிக்கு வரி நம் லேப்தான்.

பொறியியலுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. 2002இல் சான் டியாகோவில் பேராசிரியர்கள் கூடி லேப் எதற்காக என்று 13 நோக்கங்களை வகுத்தார்கள். ஃபைசல், ரோசா இருவரும் 2005இல் அதை விரிவாக எழுதினார்கள். கருவிகளைக் கையாள்வது, டேட்டாவை ஆராய்வது எல்லாம் எதிர்பார்த்ததுதான். என்னை உலுக்கியவை மூன்று. தோல்வியிலிருந்து கற்பது. லேபில் நேர்மை. கண், காது, கை கொண்டு உணர்வது. மூன்றுக்கும் நம் ரெகார்டில் ஒரு பத்திகூடக் கிடையாது.

இன்னொரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. மாணவர் ‘பயன் இல்லை’ என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? ஹார்வர்டில் 2019இல் ஒரு ஆய்வு வந்தது. தாங்களே கணக்குப் போட்டுத் தடுமாறிக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். அழகாக விரிவுரை கேட்டவர்களுக்கு நன்றாகக் கற்றது போல இருந்தது, மார்க் குறைந்தது. ஆகவே அந்தப் பெண்ணிடம் அன்று மாலை ‘இன்றைய லேப் எப்படி?’ என்று கருத்துப் படிவம் கொடுத்திருந்தால் மோசம் என்றே போட்டிருப்பார். அவர்தான் அன்று மற்ற எல்லோரையும்விட அதிகம் கற்றவர். இதை எழுதும்போதே ஒரு பயமும் வருகிறது. மாணவர் குறை சொல்லும்போதெல்லாம் ‘உனக்குத் தெரியாது, நீ கற்றுக்கொண்டுதான் இருக்கிறாய்’ என்று வாத்தியார்கள் தப்பித்துக்கொள்ள இது வசதியாகிவிடக் கூடாது. வால்வைத் தொடாதவர் கற்கவில்லை என்றால் கற்கவில்லைதான்.

15 ஆகஸ்ட்

காதால் உணர்வது பற்றி. சென்ட்ரிஃப்யூகல் பம்ப் ஓடும்போது சக்‌ஷன் வால்வை மெதுவாக மூடிப் பாருங்கள், சார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வேக்யூம் கேஜ் முள் ஏறும், திடீரென்று உள்ளே கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் வரும். கேவிட்டேஷன், அதாவது அழுத்தம் குறைந்து தண்ணீரில் ஆவிக்குமிழ்கள் உருவாகி உடைவது. இன்று டெஸ்ட் பெட்டில் முதுகைக் காட்டி நின்றால்கூட அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எந்த வாத்தியார் சொல்லித் தந்தார் என்று நினைவில்லை, ஆனால் லேபில்தான் கேட்டேன்.

18 ஆகஸ்ட்

ஆன்லைனில் விர்ச்சுவல் லேப் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டவருக்கு.

முன்பெல்லாம் அதை ஏமாற்று வேலை என்று சொல்லி வந்தேன். 2020, 2021இல் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது படித்தவர்கள் எங்கள் பிரிவில் சேர்ந்தார்கள். வெர்னியரைப் பிடிக்கும்போதே தெரிந்துவிடும். தாடையை அழுத்திப் பிடித்து அரை மி.மீ. குறைத்துப் படிப்பார்கள். அது ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் ரீடிங்கை வரைபடமாகப் போட்டுப் பார்ப்பதில் எங்களைவிட அவர்கள் வேகம். ஒரு புள்ளி விலகி நின்றால் முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்டத்தில் ஐஐடி டெல்லி ஒருங்கிணைக்கும் விர்ச்சுவல் லேப்ஸ் பக்கத்தில் ஒரே சோதனையை இருபது தடவை அளவை மாற்றி மாற்றி ஓட்டலாம். நிஜ லேபில் இரண்டு தடவைக்கு நேரம் இருக்காது. லேபுக்கு வரும் முன்தினம் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது நல்லது என்றுதான் இப்போது சொல்கிறேன்.

ஒன்று மட்டும். திரையில் இருக்கும் தொட்டியில் வாஷர் தேயாது.

21 ஆகஸ்ட்

வேலைக்கு எதற்கு என்று தம்பி கேட்டதற்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

எங்கள் வேலையில் ஒவ்வொரு மாடலுக்கும் ஹெட் (எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும்), டிஸ்சார்ஜ், இன்புட் பவர் எடுக்க வேண்டும். அதற்கு இந்தியத் தரநிலைகள் உண்டு: மோனோசெட்டுக்கு (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) ஐ.எஸ். 9079, நீர்மூழ்கிக்கு ஐ.எஸ். 8034. சில வருஷங்களுக்கு முன் ஒரு புது இன்ஜினியர், நல்ல பையன், ஒரு பேட்சில் ஐந்து பம்புக்கு ரீடிங் எடுக்க வேண்டியவர் இரண்டுக்கு எடுத்துவிட்டு, மூன்றுக்குப் போன மாதத்து எண்களை லேசாக மாற்றி எழுதிவிட்டார். பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் அந்தப் பேட்சில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) விட்டத்தை 2 மி.மீ. குறைத்திருந்தோம். பழைய எண் வரவே முடியாது. கூப்பிட்டுக் கேட்டபோது, “காலேஜ்ல இப்படித்தானே சார் செய்வோம்” என்றார். பயந்தோ மழுப்பியோ சொல்லவில்லை. அவருக்கு அது தப்பு என்றே தெரியவில்லை.

அந்தச் சீட்டை நம்பி ஒரு விவசாயி பம்பை வாங்கி 200 அடியில் இறக்குவார். தண்ணீர் குறைவாக வந்தால் போர்வெல்லைக் குறை சொல்வார், ஊற்று வற்றிவிட்டது என்பார். பம்ப் காகிதத்தில் சொன்ன அளவு தண்ணீர் தரவில்லை என்று அவருக்குத் தெரியவே வழியில்லை. அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவருடைய ரெகார்டில் கையெழுத்துப் போட்டவர் என்னைப் போல ஒருவராகத்தானே இருந்திருப்பார்.

பைத்தான் படியுங்கள், நானே இப்போது ரீடிங்கை அதில்தான் போட்டு வைக்கிறேன். அதற்குள் போடுகிற எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பைத்தான் பார்த்துக்கொள்ளாது.

25 ஆகஸ்ட்

தம்பி திரும்ப வந்திருக்கிறார். ஜூனியர் பேட்சோடு சேர்ந்து அதே லேபுக்குள் போக சார் அனுமதித்திருக்கிறாராம், என்ன செய்யட்டும் என்கிறார். மனம் நிறைந்துவிட்டது.

முதலில் வால்வை நீங்களே திறங்கள். ஃப்ளோ நிலைக்க இரண்டு நிமிடம் விடுங்கள், மேனோமீட்டர் ஆடிக்கொண்டிருக்கும்போது படிக்காதீர்கள். ஒரே ரீடிங்கை மூன்று தடவை எடுங்கள். ஸ்டாப்வாட்ச்சில் கை வேகத்தால் கால் விநாடி முன்பின் இருக்கும், 30 விநாடியில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் கை காரணமில்லை, வேறு ஏதோ இருக்கிறது. ரீடிங்கைப் பேனாவில் எழுதுங்கள். அடித்தாலும் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு. கணக்கை லேபிலேயே போடுங்கள், விடுதிக்குக் கொண்டுபோனால் 0.62 ஆகிவிடும்.

1 செப்டம்பர்

தம்பியின் ரீடிங் வந்துவிட்டது. குழாய், ஓட்டை, தொட்டி அளவுகள் என் பழைய லேபில் இருந்தவையே.

மேனோமீட்டர் 18.5 செ.மீ.க்கு 31.5 விநாடி, 8.5-க்கு 45.4, 3.5-க்கு 65.8. சிடி 0.62, 0.63, 0.68. “முதல் ரீடிங் சரியாக வந்துவிட்டது அண்ணா, மற்ற இரண்டும்தான் தப்பு” என்று எழுதியிருக்கிறார்.

அவசரப்படாதீர்கள். ஃப்ளோ குறையக் குறைய சிடி ஏறுகிறது. அந்தப் பெண்ணுக்கு இறங்கியது, உங்களுக்கு ஏறுகிறது. மேனோமீட்டர் எப்போதும் ஒரு குறிப்பிட்ட அளவு குறைத்துக் காட்டினால் இப்படி வரும். ஃப்ளோ வால்வை முழுக்க மூடிவிட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் பாதரசம் சமமாக நிற்கிறதா? இல்லையென்றால் டியூபுக்குள் காற்று. ஒன்றரை செ.மீ. பாதரசம் குறைந்து தெரிய, டியூபில் ஏறக்குறைய 19 செ.மீ. உயரத்துக்குக் காற்று நிற்க வேண்டும். கறுப்பு ரப்பர் டியூபில் அது வெளியே தெரியாது. மேலே இருக்கும் இரண்டு காக்குகளையும் (சின்ன வால்வுகள்) ஒன்றாக, மெதுவாகத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் பாதரசம் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். சார் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

3 செப்டம்பர்

மூடிய நிலையில் ஒன்றரை செ.மீ. வித்தியாசம் இருந்ததாம். காக்குகளைத் திறந்ததும் குமிழ் குமிழாக வெகுநேரம் காற்று வந்திருக்கிறது. ஜூனியர் பிள்ளைகள் எட்டுப் பேரும் சுற்றி நின்று பார்த்தார்களாம். இப்போது சிடி 0.60, 0.59, 0.57.

“சரியாக இருந்த 0.62-ம் போய்விட்டது அண்ணா” என்கிறார். தம்பி, அது சரியாக இருக்கவில்லை. காற்று ஏற்றிவிட்டது, வேறொன்று இறக்கிவிட்டது. இரண்டு தப்பும் அந்த ஒரு ரீடிங்கில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. நீங்கள் முதல் ரீடிங்கோடு நிறுத்தியிருந்தால் நானே நல்ல ரீடிங் என்று சைன் போட்டிருப்பேன். காற்றை எடுத்த பிறகு, மறைந்திருந்த மற்றது தனியாகத் தெரிகிறது. ஃப்ளோ குறையும்போது இறங்குகிறது பாருங்கள், 2015இல் பென்சிலில் எழுதிய அதே கேள்வி.

அடுத்த தடவை போகும்போது தொட்டியை நிரப்பி, டிரெயின் வால்வை இறுக மூடி, வரத்தை நிறுத்திவிட்டு லெவல் டியூபை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். நிமிடத்துக்கு 8 மி.மீ. அளவில் இறங்கும் என்பது என் கணக்கு. எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள். இறங்கவே இல்லை என்றாலும் எழுதுங்கள், அப்போது இன்னும் யோசிக்க வேண்டியிருக்கும்.